மேளம் எப்போது நிற்க வேண்டும்: ஆடுகளத்து இசைக்கு ஓர் அறிமுகம்

தொலைக்காட்சியில் கபடிப் போட்டி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது ஒலியை மட்டும் அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பார்த்தால், ஆட்டத்தில் எதுவும் குறைந்திருக்காது. ஆனாலும் பிடிபட்ட வீரர் எழுந்து வெளியே நடக்கும் சில வினாடிகள் நீண்டுபோனதுபோலவும், புள்ளிப் பலகை மாறுவதற்குள் நம் கவனம் வேறெங்கோ போய்விட்டதுபோலவும் தோன்றும். இந்தச் சோதனையை ஒரு பெரிய அரங்கமே செய்து பார்த்ததுண்டு. 2017-ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று, நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நிக்ஸ் அணியும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியும் மோதிய கூடைப்பந்துப் போட்டியின் முதல் பாதி, பாட்டு, திரைக் காட்சி, கேளிக்கை எதுவும் இல்லாமல் நடத்தப்பட்டது. ஆட்டத்தை அதன் தூய வடிவில் பார்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று அரங்கத்தார் அறிவித்தார்கள். பந்து தரையில் மோதுவதும் காலணிகள் கிறீச்சிடுவதும் தனித்தனியாகக் கேட்டன. வாரியர்ஸ் வீரர் டிரேமண்ட் கிரீன் ஆட்டம் முடிந்தபின் இதைக் கடுமையாகக் கண்டித்தார்; ஆட்டத்தின் ஓட்டமே மாறிப்போய்விட்டது என்பது அவருடைய மனக்குறை. இரண்டாம் பாதியிலேயே பாட்டு திரும்பி வந்துவிட்டது.

விளையாட்டு நிகழ்ச்சியில் ஒலிக்கும் இசை என்றவுடன் பலருக்கும் இடைவேளையில் போடப்படும் சினிமாப் பாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. அது ஒரு பகுதி மட்டுமே. ஆட்டத்தின் விதிக்குள்ளேயே அடங்கிய குரலும் தாளமும் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஆளையும் மாட்டையும் கூட்டத்தையும் ஆயத்தப்படுத்தும் மேளம் உண்டு. ஆட்டம் நின்று நின்று நடக்கும்போது நடுவில் விழும் வெற்றிடத்தை நிரப்பும் ஒலிபெருக்கிப் பாட்டு உண்டு. யாரும் போடாமல் பார்வையாளர்கள் தாங்களாகவே எழுப்பும் பாட்டும் கைத்தட்டும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தை பிறந்ததிலிருந்து சித்திரை முடிவதற்குள் எருது விடும் விழா, இரவுக் கபடி, கைப்பந்துப் போட்டி என்று சுற்றி வந்தால் இந்த நான்கையும் காதால் கேட்டுவிடலாம். வாசிக்கத் தெரிவதைவிட நிறுத்தத் தெரிவதே இந்த இசையில் அரிய திறமை என்பது என் எண்ணம். அது ஏன் என்பதைப் புதிதாகக் கேட்பவர்களுக்குப் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

முதலில் கபடியையே எடுத்துக்கொள்வோம். எதிரணியின் பகுதிக்குள் நுழைபவரை நம் ஊர்களில் பாடிப் போகிறவர் என்று சொல்கிறோம். அது வெறும் வழக்குச் சொல் இல்லை; அவர் உண்மையிலேயே பாடத்தான் வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே ‘கபடி, கபடி’ என்று நடுவருக்குக் கேட்கும்படி, தெளிவாக, இடைவிடாமல், ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். குரல் அறுந்தால் அவருடைய முறை முடிந்துவிடும். மூச்சை உள்ளே இழுக்கும் கணத்தில் ஓசை மாறும் அல்லது நிற்கும் என்பதால், ஒரே மூச்சுத்தானா என்பதற்கு அந்தக் குரலே சாட்சியாகிறது. இன்றைய தொழில்முறைப் போட்டிகளில் ஒருவர் பாடி வருவதற்கு 30 வினாடி என்று கடிகாரம் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பு மூச்சே கடிகாரமாக இருந்தது. சடுகுடு என்ற பெயரில் ஆடிய காலத்துப் பெரியவர்கள் எதுகையும் மோனையும் அமைந்த சிறு அடிகளைப் பாடிக்கொண்டு போனதும் அழகுக்காக மட்டும் இல்லை. தாளத்தில் சொன்னால் மூச்சு சீராகச் செலவாகும். சீராகச் செலவானால் திரும்பி ஓடிவருவதற்கு மிச்சம் இருக்கும்.

இப்படி ஆட்டத்தோடு பிணைந்த இசை பிற நாடுகளிலும் உண்டு. தாய்லாந்தின் முவாய் தாய் சண்டையில், நம் நாகசுரத்துக்கு உறவுமுறை சொல்லத்தக்க ஒரு துளைக்கருவியையும் இரண்டு மேளங்களையும் சிறு தாளத்தையும் மேடையருகே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். வீரர் குருவணக்கம் செய்யும்போது நிதானமாகப் போகும் வாசிப்பு, சண்டை சூடு பிடிக்கும்போது வேகம் எடுக்கிறது. கேரளத்து வள்ளங்களியில் வஞ்சிப்பாட்டின் தாளமே நூற்றுக்கு மேற்பட்ட துடுப்புகளை ஒரே கணத்தில் நீருக்குள் இறக்குகிறது. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் தரைப் பயிற்சி, 90 வினாடிக்கு மிகாத, சொற்கள் இல்லாத இசைக்கு ஏற்பச் செய்யப்படுகிறது; ஆண்களோ அதே தரையில் இசையே இல்லாமல் அதே பயிற்சியைச் செய்கிறார்கள்.

நம் பக்கத்து எருது விடும் விழாவில் மேளம் விதிக்குள் வருவதில்லை. ஆனால் மேளம் இல்லாத விழாவை இங்கே யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். தென் மாவட்டங்களின் சல்லிக்கட்டில் போலத் திமிலைப் பிடித்துத் தொங்குவதை இங்கே முதன்மையாகக் கொள்வதில்லை. சில ஊர்களில் இருபுறமும் தடுப்புக் கட்டிய பாதையில் காளை குறித்த தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறது என்று பார்ப்பார்கள்; ஓசூர்ப் பக்கத்து ஊர்களில் கொம்புகளில் கட்டிய அலங்காரத் தட்டியை ஓடும் காளையிடமிருந்து இளைஞர்கள் பறிப்பார்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், சல்லிக்கட்டு என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மாட்டு விளையாட்டுக்கும் மேளத்துக்கும் உள்ள உறவு சட்டத்தையும் ஒலிபெருக்கியையும்விட மிகப் பழையது. ஐந்திணைகளின் கருப்பொருள்களை வகுத்துச் சொன்ன நம் இலக்கண மரபு, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையையும் பாலைக்குத் துடியையும் நெய்தலுக்கு மீன்கோட்பறையையும் சொல்லிவிட்டு, முல்லைக்கு ஏறுகோட்பறையைச் சொல்கிறது. ஏறு கோள் பறை என்று பிரித்துப் படித்தால் பொருள் தானே விளங்கும்: காளையைத் தழுவிக் கொள்ளும்போது முழங்கும் பறை. ஒரு விளையாட்டின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மேளம் நமக்கு அத்தனை காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

அந்த மேளம் என்ன செய்கிறது என்பதற்கு, தகடூர் என்று பழைய பெயர் வழங்கிய தருமபுரியிலிருந்தே ஒரு சான்று கிடைக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றின் 89-ஆம் பாட்டில், பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையின் தோலில் காற்று மோதி ஓசை எழுந்தாலே, போர் வந்துவிட்டது என்று சொல்லி எழும் தலைவன் ஒருவன் எங்களுக்கு இருக்கிறான் என்கிறார். யாரும் அடிக்கவில்லை, காற்றுத்தான் அடித்தது. ஆனால் அந்த ஓசையைப் போரோடு சேர்த்தே கேட்டுப் பழகிய உடல், காரணத்தைக் கேட்காமலேயே ஆயத்தமாகிவிடுகிறது. ஆடுகளத்து இசையின் முதல் வேலையும் இதுதான்: ஒரே ஓசையை ஒரே நிகழ்ச்சியோடு திரும்பத் திரும்பச் சேர்த்துக் கேட்கவைத்து, பிறகு ஓசை மட்டும் வந்தாலே நெஞ்சு வேகமாக அடிக்கும்படி செய்துவிடுவது. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் கால்பந்துக்காக 1992-இல் டோனி பிரிட்டன், ஹாண்டல் 1727-இல் அமைத்த இசை ஒன்றைத் தழுவி உருவாக்கிய கீதத்தின்போது வீரர்கள் வரிசையில் அசையாமல் நிற்கும் முகங்களைப் பார்த்தால், தகடூர் மன்றத்துத் தண்ணுமை எனக்கு நினைவுக்கு வரும்.

காவேரிப்பட்டினத்துக்கு அருகே ஓர் ஊரில் தை மாதத்துக் காலையொன்றில் நான் பார்த்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். விடியும் முன்பே பறைக்காரர்கள் வந்து, வேலியோரம் வைக்கோலையும் பழைய செய்தித்தாளையும் போட்டு நெருப்பு மூட்டினார்கள். எங்கள் பக்கத்துத் தை மாதப் பனியில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். தளர்ந்த தோலை அடித்தால் ‘பொத்’தென்று அடங்கிய ஒலிதான் வரும். நெருப்புக்கு நேரே பறையைப் பிடித்து மெல்லச் சுழற்றும்போது ஈரம் போய்த் தோல் இறுகுகிறது. ஒருவர் அவ்வப்போது சுண்டுவிரலால் ஓரத்தைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கணீரென்று வந்ததும் நெருப்பை விட்டு நகர்ந்தார். இன்னொருவர் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரட்டைக் குழல் மேளமாகிய பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டார். காளை புறப்படும் இடத்தில் மூக்கணாங்கயிற்றை அவிழ்க்கும் வரைக்கும் பம்பையின் வேகம் ஏறிக்கொண்டே போனது. கயிறு விடுபட்டுக் காளையின் முன்னங்கால் கோட்டைத் தாண்டியதும் குச்சிகள் தோலைவிட்டு ஓர் அடி உயரத்தில் அப்படியே நின்றன. காளை மறுமுனையைக் கடந்து, ஊர்க்காரர்கள் கை காட்டிய பிறகுதான் திரும்ப இறங்கின. ஏன் நிறுத்தினீர்கள் என்று பிறகு பம்பைக்காரரிடம் கேட்டேன். பாதையோரம் நிற்கும் பிள்ளைகளுக்கு மாடு வரும் காலடியும், ஒருவரையொருவர் எச்சரிக்கும் குரலும் கேட்க வேண்டும் என்றும், மேளம் முழங்கிக்கொண்டே இருந்தால் மாடு எந்தப் பக்கம் திரும்பியது என்பது பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது என்றும் விளக்கினார். ஓர் ஆடுகளத்து இசைக்கலைஞர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதியை அந்தப் பதிலிலேயே நான் கேட்டுவிட்டேன்.

எந்த ஆட்டத்தில் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அந்த ஆட்டம் எங்கெங்கே இடைவெளி விடுகிறது என்பதே முடிவுசெய்கிறது. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் அரை நிமிடம் போல் கிடைக்கிறது. இருபது ஓவர் போட்டிகளில் பாட்டு அந்த இடைவெளிக்குள் புகுந்து, பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் முன் அடங்கிவிடும். அது மரியாதை மட்டும் இல்லை, விதியும் அதற்குத் துணை நிற்கிறது: பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாகும் மட்டையாளரின் கவனம் ஏதேனும் ஓசையால் சிதறினால் நடுவர் அந்தப் பந்தைச் செல்லாததாக அறிவிக்கலாம். கைப்பந்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு சிறு இடைவெளி. நடுவர் ஊதியதும் 8 வினாடிக்குள் பந்தைப் போட்டாக வேண்டும் என்பதால், விசில் கேட்டதும் பாட்டுக்காரரின் கை தானாக இறங்க வேண்டும். டென்னிஸில் ஆட்டம் நடக்கும்போது கூட்டம் பேசுவதுகூடக் கூடாது. பக்கம் மாறும் 90 வினாடியில் மட்டும் சில அரங்குகளில் பாட்டு வரும். அமெரிக்கக் கூடைப்பந்தோ இதற்கு நேர்மாறாக, பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே தாளத்தை ஓடவிடுகிறது. அங்கே தற்காப்பு ஆடும் அணிக்காகக் கூட்டத்தைக் கத்தவைப்பதே அந்தத் தாளத்தின் வேலை. அதே நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் இடைவெளிகள் நீளமானவை. 1941-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் ஓர் ஆர்கன் கருவியைக் கொண்டுவந்து வைத்து அந்த இடைவெளிகளை நிரப்பத் தொடங்கினார்கள். பிற மைதானங்களும் அதைப் பின்பற்றின. களத்தில் நடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதற்கு விடை சொல்வதுபோல் ஒருவர் வாசிப்பது என்ற வேலை இப்படித்தான் அரங்குக்குள் வந்தது; இன்றைய மைக் செட்காரரும் டிஜேயும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிறுத்தத் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் பாலக்கோட்டுப் பக்கம் ஓர் இரவுக் கபடியில் பார்த்தேன். அரையிறுதி ஆட்டம், நள்ளிரவை நெருங்கிய நேரம், இரண்டு அணிகளும் ஒரே புள்ளியில் இருந்தன. முந்தைய புள்ளிக்காகப் போட்ட பாட்டின் பல்லவி நன்றாக இருந்ததால் மைக் செட்டில் இருந்த இளைஞர் அதை நிறுத்தாமல் விட்டுவிட்டார். பாடிப் போனவர் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். அவருடைய குரல் கோட்டுக்கு முன்பே அறுந்துவிட்டது என்று எதிரணி சொன்னது. நடுவர் மூன்றடி தூரத்தில்தான் நின்றார். ஆனால் மூன்று பெட்டி ஸ்பீக்கர்கள் ஒரே நேரத்தில் முழங்கும்போது மூன்றடி என்பது பெரிய தூரம். தனக்குக் கேட்கவில்லை என்று அவர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நடந்த வாக்குவாதம் அரை மணி நேரம் நீண்டது. ஆட்டத்தின் சொந்தப் பாட்டை அதன்மேல் போட்ட பாட்டு விழுங்கிவிட்டது. வீரர்கள் செய்த பிழை அதில் எதுவும் இல்லை.

இனி, இசை உடலில் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாம் இயல்பாக நடக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 120 அடி வைக்கிறோம். அதே வேகத்தில் தாளம் கேட்டால் கால் தானாக அதனோடு சேர்ந்துகொள்கிறது. லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் காஸ்டஸ் கராஜார்கிஸ் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். மிதமான உழைப்பின்போது இசை களைப்பைக் குறைவாக உணரவைக்கிறது என்பதும், உழைப்பு உச்சத்துக்குப் போகும்போது உடலின் வலியே மனத்தை முழுவதும் பிடித்துக்கொள்வதால் அந்த உதவி குறைந்துவிடுகிறது என்பதும் இத்தகைய ஆய்வுகளின் பொதுவான முடிவு. தாளத்தோடு அடியைச் சரியாகப் பொருத்திக்கொண்டால் பயன் இன்னும் கூடும். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 1998-இல் 2,000 மீட்டர் உள்ளரங்க ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்தபோது, தன் அடிவேகத்துக்குப் பொருந்திய துள்ளல் பாட்டு ஒன்றை அரங்கில் ஒலிக்கச் செய்து அதன் தாளத்தோடு ஓடினார். 2007-இல் அமெரிக்கத் தடகள அமைப்பு நெடுந்தூர ஓட்டங்களில் காதில் மாட்டிக் கேட்கும் ஒலிக்கருவிகளுக்குத் தடை விதித்ததற்குப் பாதுகாப்போடு இந்த அனுகூலமும் ஒரு காரணம். இந்த அளவுக்கு வேலை செய்யும் ஒன்றை நாம் வெறும் பின்னணி என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. பள்ளி விளையாட்டு விழாக்களில் அணிவகுப்புக்கு முன் ஒருவர் பெரிய மேளத்தில் ‘டம், டம்’ என்று அடித்துக் காட்டுவதுகூட இந்த அறிவின் எளிய வடிவமே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரின் இடதுகால் ஒன்றாகத் தரையில் விழுவதற்கு வேறு எந்த வழியும் இவ்வளவு விரைவாகப் பலிப்பதில்லை.

பார்வையாளர்கள் தாங்களாகவே எழுப்பும் இசைக்கு வேறு ஓர் இலக்கணம் உண்டு. பத்தாயிரம் பேர் ஒத்திகை இல்லாமல் பாட வேண்டுமானால் சுரங்கள் குறைவாக இருக்க வேண்டும், மேலும் கீழும் அதிகம் ஏறி இறங்கக் கூடாது, வேகம் நிதானமாக இருக்க வேண்டும், மூச்சு வாங்க இடம் வேண்டும். 2003-இல் அமெரிக்காவின் ஒயிட் ஸ்டிரைப்ஸ் இருவர் குழு வெளியிட்ட ஒரு பாட்டில் கிட்டாரில் வரும் ஏழே சுரங்களை, பெல்ஜியத்தின் புரூஜ் கால்பந்து அணி ரசிகர்கள் சொற்களே இல்லாமல் பாடத் தொடங்கி, 2006 உலகக் கோப்பையில் இத்தாலிய ரசிகர்கள் வழியாக அது உலகம் முழுவதும் பரவியது. சொற்கள் இல்லாததால்தான் அது அத்தனை மொழிகளைக் கடந்தது. சேப்பாக்கத்து விசிலில் சுரமே இல்லை, இரண்டு விரல் போதும்; அதனால்தான் அது ஓர் அணியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இலங்கையில் பள்ளிகளுக்கு இடையிலான பெருங் கிரிக்கெட் போட்டிகளில் ஊதுகொம்புகளும் மேளங்களுமாக முழங்கும் பப்பரே வாத்தியம், பார்வையாளர் வரிசையிலேயே வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பது என்ற வகையில் தனிச் சுவை உடையது. இதற்கு எதிர்முனையில், ஒரே சுரத்தை மட்டும் தரும் பிளாஸ்டிக் ஊதுகுழலான வுவுசெலா 2010-இல் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் ஆயிரக்கணக்கில் ஒலித்தபோது, ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் எதுவும் கூட்டத்தின் ஒலியில் தெரியாமல் போய்விட்டது. கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒரே ரீங்காரம். அதே ஆண்டில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தன் போட்டிகளில் அதற்குத் தடை விதித்தது. அந்த மக்களின் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிற்கவே நிற்காத இசை ஆட்டத்தோடு பேச முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் சேர்ந்து கைதட்டும்போது தாளம் சில நேரம் சிதறிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் காதுக்கும் கைக்கும் ஒற்றுமை இல்லாததன்று, ஒலியின் வேகம்தான். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் போகும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் அரை வினாடி. ஒலிபெருக்கியிலிருந்து 85 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு அதே ஒலி கால் வினாடி தாமதமாகச் சேரும். அதாவது இங்கே இருப்பவர்களின் இரண்டு தட்டுகளுக்குச் சரியாக நடுவில் அவர் தட்டுவார். எருது ஓடும் நீண்ட பாதையில் ஒரே முனையில் ஸ்பீக்கரை அடுக்கினால் இந்தக் குழப்பம் உறுதி. வழி நெடுகச் சிறு பெட்டிகளை வைப்பது பாதித் தீர்வு. அப்போது நடுவில் நிற்பவருக்கு அருகிலுள்ள பெட்டியின் ஒலி முதலிலும் தொலைவிலுள்ளதன் ஒலி பிறகும் வந்து, அறிவிப்பாளர் சொல்லும் காளையின் பெயர் இரண்டு முறை கேட்கும். பெரிய அரங்குகளில் தொலைவிலுள்ள பெட்டிகளுக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே அந்தந்தத் தூரத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்தி, இரண்டும் ஒன்றாகக் காதில் விழும்படி செய்கிறார்கள். இந்தத் தாமதத்தையே கலையாக்கியவர் பிரிட்டனின் குவீன் குழுவைச் சேர்ந்த பிரையன் மே. 1977-இல் இரண்டு முறை காலைத் தட்டி ஒரு முறை கையைத் தட்டும்படி அவர் அமைத்த பாட்டு, கூட்டம் கலந்துகொள்வதற்கென்றே பிறந்தது. அதைப் பதிவுசெய்தபோது சிலர் தட்டிய ஒலியை வெவ்வேறு அளவு தாமதங்களோடு திரும்பத் திரும்பச் சேர்த்து, பெருங்கூட்டம் தட்டுவதுபோல் கேட்கச் செய்தார். அவர் இயற்பியல் படித்தவர்.

ஒலியின் அளவைப் பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும் என்றும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ஸ்பீக்கர் அடுக்குக்குக் கீழே இடம் பிடித்து இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கும் சிறுவர்களை நம் ஊர்ப் போட்டிகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை அனுமதிப்பதில்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை மாநில அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். பங்குனிப் போட்டிகள் நடக்கும் அதே மார்ச் மாதத்தில்தான் பொதுத்தேர்வும் நடக்கிறது என்பதை ஏற்பாட்டாளர்கள் நினைவில் வைத்தால், பாட்டின் அளவைக் குறைக்கச் சட்டமே தேவைப்படாது.

மாட்டின் காதையும் இங்கே சேர்த்துத்தான் பேச வேண்டும். மனிதரின் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மாட்டின் காது 35,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதும், 8,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலியில் அதன் செவி மிகவும் நுட்பமாக இருக்கும் என்பதும் ஆய்வில் அளந்து அறியப்பட்டவை. நமக்கு ஒரு நொடி காதை உறுத்திவிட்டுப் போகும் விசிலும், மைக்கும் ஸ்பீக்கரும் எதிரெதிரே வந்துவிட்டால் கிளம்பும் ‘கீச்’ என்ற ஓசையும் அதற்கு நம்மைவிடக் கடுமையாகவே கேட்கும் என்று கொள்வதுதான் நியாயம். காளைகள் காத்து நிற்கும் பக்கத்தை நோக்கி ஸ்பீக்கரைத் திருப்பாமல் இருப்பது செலவில்லாத ஒரு கருணை.

எந்தப் பாட்டைப் போடுவது என்பது ஊரைப் பொறுத்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். கைதேர்ந்த மைக் செட்காரர் மூன்று மொழிப் பாட்டையும் கையில் வைத்துக்கொண்டு, எந்த அணி எந்த ஊர் என்று முன்பே விசாரித்துக்கொள்வார். நுழைவுச் சீட்டு விற்று நடத்தும் போட்டியில் பதிவுசெய்த பாட்டுகளை ஒலிபரப்புவதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளர்களின் அனுமதி வேண்டும். நேரில் வந்து வாசிக்கும் பம்பைக்காரருக்குத் தாம்பூலமும் கூலியும் கொடுத்தால் போதும். சிறு ஊர்ப் போட்டிகளுக்கு அதுவே பொருத்தம் என்று நான் பரிந்துரைப்பேன்.

அரையிறுதி குழம்பிப்போன அந்த ஊருக்கு மறு ஆண்டும் போயிருந்தேன். மைக் செட்டில் அதே இளைஞர்தான் இருந்தார். இந்த முறை நாற்காலியைக் களம் முழுவதும் தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார். ஒலியளவுக் குமிழிலிருந்து அவருடைய வலக்கை நகரவே இல்லை. புள்ளி விழுந்ததும் பாட்டு எழும். அடுத்தவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பியதும், திடீரென்று அறுபடாமல், இரண்டு வினாடிக்குள் படிப்படியாக இறங்கி அடங்கிவிடும். நடுக்கோட்டின் ஓரத்தில் சவுக்குக் கழி ஒன்றை நட்டு அதில் சிறிய மைக் ஒன்றைக் கட்டியிருந்தார். இறுதிப் போட்டியில் கடைசியாக ஒருவர் பாடிப் போகும் முன் மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அந்த ஒரு மைக்கை மட்டும் திறந்தார். புளியமரத்தடி வரை நிறைந்திருந்த கூட்டம் பேச்சை நிறுத்தியது. ஸ்பீக்கர்களில் ஒருவருடைய மூச்சும், அந்த மூச்சில் ‘கபடி, கபடி, கபடி’ என்று உருண்டுவரும் குரலும் மட்டும் கேட்டன.